முதலில் பல், பிறகு திருகு

(நமது அறக்கட்டளையின் சார்பில் புதுச்சேரியில் நடைபெற்ற பல் நல விழிப்புணர்வு நிகழ்ச்சியில், செயற்கைப் பல் சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஒரு பல் டாக்டரின் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் பொறுமைக்கு நற்கூலி தருவானாக.

பல் துலக்குவதைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் நிர்வாகிகள் எதிர்பார்த்திருப்பார்கள். அதைக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். இன்று பேச நினைத்தது இம்ப்ளாண்ட் பற்றி. காரணம், என் கிளினிக்கில் நான் பார்ப்பதுதான். ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பிரான்சிலிருந்து நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். பெருநாளை ஒட்டி வளைகுடாவிலிருந்து வருகிறார்கள். அத்தாவுக்குப் பல் கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அம்மாவுக்கு நல்லதாக ஒரு பல் வைத்துவிட வேண்டும் என்று பாசத்தோடு கூட்டி வருகிறார்கள். பிரான்சில் இம்ப்ளாண்ட் திருகுக்கான செலவை அரசின் மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதனால் தங்களுக்கும் இங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று வருபவர்களும் உண்டு. எல்லாம் சரி. அவர்கள் கேட்கும் முதல் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. "டாக்டர், எனக்கு இருபத்தைந்து நாள்தான் லீவு. அதற்குள் முடியுமா?"

முடியுமா, முடியாதா என்பதை அந்த லீவு தீர்மானிப்பதில்லை. உங்கள் எலும்பும், அதைவிட முக்கியமாக உங்கள் ஈறும் தீர்மானிக்கின்றன. அதைப் புரியவைக்கத்தான் இந்தப் பேச்சு.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சிறிய திருகு. போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் வைப்பது. அதன் மேல் கேப் போட்டால் பல். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரானெமார்க் 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த ஒரு சிறு கருவியை வைத்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை வெளிப்பொருளாக நினைக்காமல் ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் கோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்குக் கீழ்த்தாடையில் அதைப் பொருத்தினார். அந்தப் பற்களோடு அவர் 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். சரியாகச் செய்தால் இது எவ்வளவு நல்ல சிகிச்சை என்பதற்கு அது போதும்.

உடம்பு எந்த உலோகத்தை ஏற்கும், எதை ஏற்காது என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. அர்ஃபஜா (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டபோது துர்நாற்றம் வந்தது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்துகொள்ளும்படி சொன்ன செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியிருக்கிறது. இதை வைத்துத்தான் தங்கப் பல் பற்றிய சட்டத்தை ஆலிம்கள் பேசுகிறார்கள். அது அவர்கள் துறை. ஒரு டாக்டராக எனக்கு அதில் பிடிபடுவது வேறு. மூக்கு பொருந்தி நின்றது. பிரச்சினை, உலோகமும் சதையும் சந்திக்கிற இடத்தில். இன்று வரைக்கும் இம்ப்ளாண்டில் பிரச்சினை வருவதும் பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான்.

மொட்டை மாடி வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கூரை எங்கே ஒழுகும்? நடுவில் அபூர்வம். பைப் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறதே, அந்தப் பைப்பைச் சுற்றித்தான் ஒழுகும். பைப் உறுதியாக இருக்கும், தளமும் உறுதியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அடைப்பு சரியில்லை என்றால் ஐப்பசி மழையில் சுவர் முழுக்க ஊறிவிடும். இம்ப்ளாண்டும் அதே மாதிரி. திருகு எலும்புக்குள் இருக்கிறது, பல் வெளியே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பகுதி ஈறைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வாயில் கோடிக்கணக்கான கிருமிகள். அவை உள்ளே இறங்காமல் அந்த இடத்தை அடைத்துக் காப்பது ஈறு மட்டும்தான்.

இயற்கையான பல்லில் அல்லாஹ் இந்த அடைப்பை அழகாக அமைத்திருக்கிறான். ஈறிலிருந்து நார்கள் கிளம்பி வேரின் மேற்பரப்புக்குள்ளேயே குத்தினாற்போல் நுழைந்து பிடித்துக்கொள்கின்றன. டைட்டானியத்துக்குள் நார் நுழையாது. அதைச் சுற்றி, பக்கவாட்டில், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பது போல நிற்கும். ஒட்டிக்கொள்ளும்தான், ஆனால் பிடி குறைவு. ரத்த ஓட்டமும் குறைவு. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு, அதன் வழியாகவும் ஈறுக்கு ரத்தம் வருகிறது. இம்ப்ளாண்டில் அந்தச் சவ்வு கிடையாது. ஆகவே அங்கே அழற்சி வந்தால் வேகமாக ஆழத்துக்குப் போய்விடும், எலும்பைக் கரைக்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது. இரண்டாவது முறை சொல்கிறேன்: வலி இருக்காது. துலக்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் கசிவதுதான் முதல் அறிகுறி. அந்த நிலையில் வந்தால் சுத்தம் செய்து சரிப்படுத்திவிடலாம். ஆடத் தொடங்கிய பிறகு வந்தால் பெரும்பாலும் எடுக்க வேண்டியதுதான்.

இந்த ஈறுக் காலர் உருவாகி முற்றுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். கணக்கு புரிகிறதா? உங்கள் லீவு இருபத்தைந்து நாள், ஈறு கேட்பது ஐம்பது நாள். எலும்பு பிடிப்பதற்கு இன்னும் கூட. பிரானெமார்க் முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்தார்கள். இப்போது திருகின் மேற்பரப்பு மாறிவிட்டதால் பல பேருக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே முடிகிறது. "ஒரே நாளில் பல்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் அல்ல. எலும்பு கெட்டியாக இருந்து, திருகு வைத்த அன்றே இறுக்கமாக நின்றால், தற்காலிகப் பல் போடலாம். கடிக்கும்போது எதிர்ப்பல் அதில் படாமல் வைக்க வேண்டும். அது யாருக்குப் பொருந்தும் என்பதை வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விமான டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, இதை இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று. முதல் லீவில் பரிசோதனை, திட்டம், திருகு. அடுத்த லீவில் அளவெடுத்துப் பல். நடுவில் அங்கே ஒரு பல் டாக்டர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் கையில் சீட்டு இருக்க வேண்டும். திருகு வந்த பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், நீளம், குறுக்களவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்கென்று தனிச் சாவி, தனி உதிரிப் பாகம். அந்த ஸ்டிக்கர் இல்லாமல் பாரிசில் போய் வாயைத் திறந்தால் அங்குள்ள டாக்டர் என்ன செய்வார், பாவம். பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். முதலில் பல், பிறகு திருகு.

என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இதை விளக்க முடியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இளைஞர் வந்தார். பைக்கிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று போயிருந்தது. பல் போனால் வெளிப்பக்கத்து எலும்பு சீக்கிரம் கரையும். அவருக்கும் கரைந்திருந்தது. நான் என்ன செய்தேன்? எலும்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன், இருந்த இடத்தில், அது போன சாய்விலேயே திருகை வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கல் மாதிரி பிடித்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். பல்லை வைக்கப் போகும்போதுதான் தெரிந்தது, திருகின் முனை உதட்டுப் பக்கம் தள்ளி நிற்கிறது. எப்படியோ சமாளித்துக் கேப் போட்டேன். ஒரு வருடத்தில் அங்கிருந்த மெல்லிய ஈறு மேலே ஏறிவிட்டது. பக்கத்துப் பல்லைவிட இந்தப் பல் நீளமாகி, மேலே சாம்பல் நிறத்தில் உலோகம் தெரிந்தது. அந்தப் பிள்ளை சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டார். அண்ணத்திலிருந்து சதை எடுத்து வைத்துப் பார்த்தேன், முழுதாக மூடவில்லை. கடைசியில் திருகையே எடுத்தேன். எலும்போடு நன்றாகப் பிடித்திருந்ததால் எடுப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒன்றரை வருடம். அவர் என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு கட்டும்போது கதவு எங்கே வரும், எந்தப் பக்கம் திறக்கும் என்று முடிவு செய்யாமல் யாராவது நிலை வைப்பார்களா? செங்கல் வாகாக இருக்கிறதே என்று அங்கே நிலையை நட்டால் கதவு கட்டிலில் இடிக்கும். நான் செய்தது அதுதான்.

சரியான முறை தலைகீழாக நடக்கும். முதலில் வாயை அளவெடுத்து, இல்லாத பல்லை மெழுகில் செய்து பார்க்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரிலும் செய்கிறார்கள். எவ்வளவு நீளம், உதட்டுக்குக் கீழே எவ்வளவு தெரியும், எதிர்ப்பல் எங்கே கடிக்கும் என்பதையெல்லாம் நோயாளியும் கண்ணாடியில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சிபிசிடி ஸ்கேன். எலும்பின் உயரம் மட்டுமல்லாமல் அகலமும், நரம்பு ஓடும் இடமும் அதில் தெரியும். அந்தப் பல்லுக்கு நேராகத் திருகு எங்கே வர வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அங்கே எலும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வைக்கலாம். இல்லை என்றால் எலும்பை வளர்த்துவிட்டு வைக்கலாம், அல்லது இவருக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம் என்று சொல்லலாம். இந்த மூன்றாவது பதிலைச் சொல்லத் தெரிந்த டாக்டரிடம் போங்கள்.

ஈறையும் அப்போதே அளக்க வேண்டும். ஈறின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், திருகைச் சுற்றியுள்ள எலும்பு முதல் வருடத்திலேயே கூடுதலாகக் கரைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு தனக்கு வேண்டிய ஈறுக் காலரை எப்படியும் உண்டாக்கிக்கொள்ளும். மேலே இடம் இல்லை என்றால் கீழே எலும்பைக் கரைத்தாவது இடம் பிடிக்கும். அதனால் மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து முன்கூட்டியே கனமாக்குவது உண்டு. திருகுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டரும், இரண்டு திருகுகளுக்கு இடையில் மூன்றும் விட வேண்டும். நெருக்கி வைத்தால் நடுவில் இருக்கும் முக்கோண ஈறு மறைந்து கறுப்புச் சந்து விழும், சாதம் போய் மாட்டும். முன்பல்லில் தற்காலிகப் பல்லை வைத்துச் சில வாரம் ஈறைப் பழக்குவதும் உண்டு. "இன்னும் அசல் பல் போடவில்லையா" என்று நோயாளி அலுத்துக்கொள்வார். அந்த வாரங்களில்தான் ஈறு தன் வடிவத்தைக் கற்றுக்கொள்கிறது.

கேப்பை எப்படிப் பொருத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். திருகி மாட்டும் வகை உண்டு, சிமெண்ட் வைத்து ஒட்டும் வகை உண்டு. ஒட்டும்போது கொஞ்சம் சிமெண்ட் ஈறுக்குக் கீழே வழிந்து தங்கிவிட்டால், வருடங்கள் கழித்தும் அது சீழ் பிடிக்க வைக்கும். முடிந்த இடத்தில் நான் திருகும் வகையையே விரும்புகிறேன். பழுது வந்தால் கழற்றிப் பார்க்கலாம்.

ஒரு முக்கியமான செய்தி, இதை நம் மக்கள் கேட்பதே இல்லை. எலும்பு வளர்க்க வைக்கும் தூளும், அதன் மேல் மூடும் சவ்வும் எதிலிருந்து வருகின்றன? சில செயற்கையானவை. சில மாட்டெலும்பிலிருந்து, சில தானமாகப் பெற்ற மனித எலும்பிலிருந்து. சவ்வுகளில், உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் சில வகைகள் பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன். பெட்டியின் மேல் எழுதியிருக்கும், ஆனால் பெட்டியை நோயாளி பார்ப்பதில்லை. டாக்டரும் மறைப்பதற்காகச் சொல்லாமல் விடுவதில்லை, நீங்கள் கேட்காததால் சொல்வதில்லை. நாற்காலியில் படுத்து மரத்துப்போன பிறகு கேட்காதீர்கள், திட்டம் போடும் அன்றே கேளுங்கள். பெரும்பாலான நேரம் மாற்று இருக்கிறது: உங்கள் சொந்த எலும்பு, சொந்தச் சதை, அல்லது செயற்கைத் தூள். மாட்டிலிருந்து எடுத்தது கூடுமா, வேறு வழியே இல்லாதபோது என்ன சட்டம் என்பதையெல்லாம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மார்க்கத் தீர்ப்பு சொல்ல வந்தவன் அல்ல.

துண்டுச் சீட்டில் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. கடமையான குளிப்புக்கு வாய் கொப்பளிக்கும்போது இந்தப் பல் தடையா என்று. இதுவும் ஆலிம்களிடம் கேட்க வேண்டியதே. கேட்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது கழற்றி மாட்டும் பல்செட் அல்ல, வீட்டில் உங்களால் கழற்ற முடியாது. பாதி விவரம் சொல்லிக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

ரமலானில் செய்யலாமா என்று இன்னொரு சீட்டு. பல்வலி என்றால் எந்த மாதமும் வாருங்கள். இம்ப்ளாண்ட் அவசர சிகிச்சை அல்ல. தையல் போட்ட வாய்க்கு வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் வேண்டும். ஷவ்வாலுக்குத் தள்ளிப்போடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் நம் வீடுகளில் நிறைய. கட்டுக்குள் இருந்தால் இம்ப்ளாண்ட் போடத் தடையில்லை. மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, ஏழுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. எட்டைத் தாண்டி நின்றால் நான் காத்திருக்கச் சொல்வேன். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடும் தாய்மார்களும், புற்றுநோய்க்காக எலும்பு ஊசி போட்டவர்களும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சிகரெட், ஹான்ஸ், கூல் லிப் வைக்கும் தம்பிகள் இங்கே யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால், கன்னத்துக்குள் நீங்கள் அடக்கி வைக்கிற அந்தப் பொட்டலம் உரசுவது நான் இவ்வளவு நேரம் பேசிய அதே ஈறைத்தான்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். பல் போன எல்லாருக்கும் இம்ப்ளாண்ட் வேண்டும் என்பது கிடையாது. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜ் போதும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ திருகு போட்டுக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பணத்தையும் அதில் செலவழிக்கச் சொல்ல மாட்டேன், டயாலிசிஸுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் செயற்கைப் பல் கட்டும் துறை உண்டு. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர்கள் மேற்பார்வை பார்ப்பார்கள், நேரம் கூடுதலாகும். பொறுமையாக நாலைந்து முறை போய் வந்தால் நல்ல பல்செட் கிடைக்கும்.

ஒரு கூட்டத்துக்காக மட்டும் நான் வாதாடுவேன். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத முதியவர்கள். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ் செட் நாக்கு அசைந்தால் எழும்பும். இவர்கள் விருந்துக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். போனாலும் பிரியாணியில் கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் மென்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். குர்ஆன் ஓதும்போது செட் நழுவுகிறது, உச்சரிப்பு சரியாக வரவில்லை என்று கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளும் பெரியவரையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு வாய் முழுக்கத் திருகு தேவையில்லை. முன்பக்கம் இரண்டே இரண்டு போதும். அதன் மேல் செட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டலாம், இரவில் கழற்றிக் கழுவலாம். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்று அறிவித்தார்கள். லீவில் வரும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கடைவாய்ப் பல்லுக்குத் திருகு போடுமுன், வீட்டில் அத்தாவோ அம்மாவோ எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, துலக்குவது. இம்ப்ளாண்ட் பல் சொத்தையாகாது, அதனால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். சொத்தையாகாது, ஆனால் ஈறு போகும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மென்மையான பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்துத் துலக்குங்கள். மிஸ்வாக் சுன்னத்தை விடச் சொல்லவில்லை, நானும் செய்கிறேன். முனையை நன்றாக ஊறவைத்து மெதுவாக, ஈறிலிருந்து பல்லை நோக்கி. நார் முரடானால் வெட்டிவிட்டுப் புது முனை எடுங்கள். ஆனால் பற்களுக்கு இடையில் மிஸ்வாக்கும் போகாது, பிரஷ்ஷும் போகாது. மருந்துக் கடையில் பாட்டில் பிரஷ் போலக் குட்டியாக ஒன்று கிடைக்கும். உங்கள் சந்துக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்கி, இரவு படுக்கும் முன் ஒருமுறை விட்டு எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வலி இல்லையே, ஏன் போக வேண்டும் என்று கேட்காதீர்கள். முன்பே சொன்னேன், வலி இருக்காது.

மஃரிபுக்கு நேரமாகிறது, இமாம் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறேன். தொழுகைக்குப் பிறகு திண்ணையில் இருப்பேன். செட் ஆடுகிற பெரியவர்கள் கையோடு செட்டைக் கொண்டு வந்திருந்தால் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெண்களுக்கு என் துணைவியார் உள்ளே இருக்கிறார், அவரும் பல் டாக்டர்தான்.